பிள்ளையாருக்கென்று வைத்திருந்த குரல்

மருமகள் அனுப்பிய முதற்பாட்டைக் கேட்டபோது, ஏதோ செத்தவீட்டில் பிடித்த சத்தத்தைத் தவறி அனுப்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மல்லாவியிலிருந்து வவுனியாவுக்குப் போகும் காலை பஸ்ஸில் நானும் மச்சானும் இருந்தோம். மச்சான் என் மனைவியின் தமையன். அந்த மருமகள் அவருடைய ஒரே பிள்ளை. கலியாணம் முடித்துப் பிரான்சில் இருக்கிறாள். மச்சானுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை வவுனியா ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். துணைக்குப் போவது நான்.

காதில் செருகும் வயரில் ஒன்று எனக்கு, மற்றது அவருக்கு. முதலில் பழைய இசைத்தட்டின் கீறல் சத்தம், சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி. பிறகு ஒரு ஆண்குரல். சொல் ஒன்றும் இல்லை. "ஆய்" என்று தொடங்கி, அந்த ஒரு ஒலியையே இழுத்தது, நடுவில் உடைத்தது, கீழே போட்டது, திரும்பக் குனிந்து பொறுக்கி எடுத்தது. குரல் முழுக்கக் கரகரப்பு. தொண்டைக்குள் மண் அப்பினவன் பாடுகிற மாதிரி இருந்தது.

மச்சான் வயரைக் கழற்றினார்.

"ஆரடாப்பா இது? செத்தவனே எழும்பியிருந்து பாடுறான்?"

"உன்ர மகள்தான் அனுப்பினவள்."

"அவளுக்கு அங்கத்தைக் குளிர் தலைக்கு ஏறிட்டுது," என்றார். ஆனால் கொஞ்ச நேரத்தில், மாங்குளம் வரமுன்னம், தானாகவே வயரை எடுத்துத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.

அவள் அதை ஏன் அனுப்பினாள் என்பதைச் சொல்லவேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வயலும் கமமும்தான் தொழில். ஆனால் எங்கள் குடியேற்றத்திட்டத்தில் எந்த வீட்டில் சாவு நடந்தாலும், சுண்ணம் இடிக்கும்போது பாடுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். சைவ வீடுகளில் பிரேதம் எடுக்கமுன் முற்றத்தில் உரல் வைத்து, மஞ்சளும் அறுகம்புல்லும் இட்டு, உரித்துக்காரர் உலக்கை போடுவார்கள். அந்த இடிக்கு இசைவாக ஒருவர் சுண்ணப்பாட்டைப் படிக்கவேண்டும். இடித்த சுண்ணத்தைப் பிரேதத்தின் தலையில் வைத்தபிறகுதான் மற்றக் காரியங்கள். விடியப்புறம் பிள்ளையார் கோயிலில் பதிகம் பாடுகிற அதே குரலால் இறந்தவரையும் அனுப்பி வைப்பது, நான் செய்த ஒரே தொண்டு. வேறு தொண்டு செய்ய எனக்குப் படிப்பும் இல்லை, வசதியும் இல்லை.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. தெற்கே கொண்டுபோய் வெட்டினார்கள், கதிர்வீச்சு அடித்தார்கள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. வவுனியாவில் என்னைத் தொடர்ந்து பார்த்த டொக்டர் சின்ன வயசுப் பிள்ளை. ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஐயா, ஒரு பக்கத்துக் குரல்நாண்தான் வேலை செய்யுது. மெதுவாக் கதைக்கலாம். பாடக்கூடாது. பாடினியள் எண்டால் இருக்கிறதும் போயிடும். பிறகு என்னாலயும் ஒண்டும் செய்ய ஏலாது."

அதற்குப் பின்னால் எங்கள் மரண உதவிச் சங்கம் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வைத்துக்கொண்டது. அதற்குள் யாரோ முன்பு பாடிப் பதிந்த சுண்ணப்பாட்டு. உலக்கை ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். இடிக்கிறவர் களைத்து நின்றாலும் பெட்டி நிற்காது. நான் கடைசி வரிசைக் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன். காலையில் ஐயர் தீபம் காட்டும்போது மட்டும் ஒரே ஒரு அடி, மூச்சோடு மூச்சாக, எனக்கும் பிள்ளையாருக்கும் கேட்கிற அளவில் பாடுவேன். மிஞ்சிய குரலை அவருக்கென்று வைத்திருந்தேன்.

இந்தக் கதையை மச்சான் மகளிடம் சொல்லியிருக்கிறார். மருமகள் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற ஸ்பெயின்காரி ஒருத்திக்கு அவள் அதைச் சொல்ல, அந்த மனுசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாவாம். மருமகளின் குரற்பதிவு இப்படி வந்தது:

"மாமா, அவா சொல்லுறா, தங்கட ஊரில குரல் உடைஞ்சாப் பிறகுதானாம் பாட்டுக்காரனைத் தேடிப் போவினம். இனிமையாப் பாடுறவனைக் கலியாண வீட்டுக்கு வைச்சிருங்கோ எண்டு விட்டிடுவினமாம். பிளமெங்கோ எண்டு பேர். கூலி வேலைக்காரர், கொல்லர், நாடோடிச் சனம் பாடினது. அவா தன்ர தகப்பன்ர காலத்து இசைத்தட்டெல்லாம் போனில வைச்சிருக்கிறா. ஒவ்வொண்டா அனுப்புறன், கேளுங்கோ."

ஆறுதலுக்கென்று அனுப்பினாள். எனக்கோ முதலில் எரிச்சல்தான் வந்தது. என் தொண்டைக்குள் எதைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்ததோ, அதையே யாரோ ஒருவன் வெட்கமில்லாமல் சபையில் வைத்துப் பாடுகிறான். நல்ல குரல் இருந்த காலத்தில் நான் ஒரு பிசிறு விழுந்தாலே அன்று முழுக்கக் கவலைப்படுகிறவன். இவன் பிசிறையே தேடிப் போகிறான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக இருக்கவேண்டும். மச்சானின் இடக்கையில் ஊசி, ஊசியில் குழாய், குழாயில் அவருடைய இரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வரும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராது. கதைக்க எனக்குக் குரல் இல்லை, அவருக்குச் சீவன் இல்லை. ஆகவே கேட்டோம்.

பாட்டுக்குத் துணையாக ஒரு கிற்றார் வரும். கிற்றார் என்றால் எனக்குத் தெரிந்தது மாதா கோயிலில் பிள்ளைகள் பாட்டோடு தட்டுவதும் பைலாப் பாட்டுக்காரர் அடிப்பதும்தான். இது வேறு. பாடுகிறவன் மூச்செடுக்கும் இடத்தில் இரண்டு கம்பியைத் தொட்டுவிட்டு நின்றுகொள்ளும். அவன் தொடங்காவிட்டால் இன்னும் இரண்டு தொடும். அவசரப்படுத்தாது. திடீரென்று விரல்களை உதறி ஒரு அடி, சுளகில் நெல்லை விசிறினது போல. பிறகு மரத்தில் நகத்தால் ஒரு தட்டு. திருவிழாவில் நாதஸ்வரக்காரர் தோடி வாசித்து நான் கேட்டிருக்கிறேன். இது தோடி இல்லை, ஆனால் அதே தெரு ஒழுங்கையில் இருக்கிற வீடு. ஒவ்வொரு அடியும் முடியும்போது படி இறங்கி வந்து கிணற்றடியில் நிற்கிற மாதிரி ஒரு இடத்தில் வந்து நிற்கும்.

தாளம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. தொடையில் கைபோட்டு எண்ணிப் பார்ப்பேன், தவறும். சங்கீதம் என்றால் கொட்டாவி விடுகிற மச்சான் ஒருநாள் கண்ணை மூடியபடியே சொன்னார்:

"நீ கோயில் கணக்கை விடு. இது பன்ரண்டு. பத்தில வந்து குந்துது."

"உனக்கு என்னெண்டு தெரியும்?"

"எனக்கு இஞ்ச படுத்துக்கொண்டு எண்ணுறதை விட வேற என்ன வேலை? முகட்டில எத்தினை ஓட்டை எண்டும் தெரியும், சொல்லட்டோ?"

பாட்டுகளின் நடுவில் பின்னாலிருந்து யாராவது ஒரு சொல் சத்தமாகப் போடுவார்கள். பாடுகிறவனை ஊக்கப்படுத்துவதாம். நாங்கள் அரோகரா போடுவது போல என்று நான் விளக்கம் சொன்னேன். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. "இல்லை, பாவம், தண்ணி கேக்கிறான்," என்றார். அந்த நாட்களில் அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு சின்னக் கோப்பைத் தண்ணீர்தான் அனுமதி. உலகத்தில் எல்லாரும் தண்ணீர் கேட்பதாகவே அவருக்குப் பட்டது.

ஒருநாள் வயரைக் கழற்றிவிட்டுப் போனைச் சத்தமாக வைத்துவிட்டோம் போல. தாதி வந்து, "ஐயா, குறையுங்கோ. பக்கத்துக் கட்டில் அம்மா தனக்குத்தான் ஆரோ ஒப்பாரி வைக்கினம் எண்டு அழுறா," என்றாள்.

"அவவுக்குச் சொல்லுங்கோ மிஸ், இது எனக்கு எண்டு," என்றார் மச்சான்.

கடைசியாக வந்த பதிவுகளில் ஒன்றில் கிற்றாரே இல்லை. ஒரு சுத்தியல் இரும்பில் விழுகிறது. விழுந்து, அதன் ஓசை அடங்கும்வரை ஒருவன் பொறுத்திருக்கிறான். பிறகு பாடுகிறான். அவன் நீட்டி இழுத்தால் சுத்தியல் அவனுக்காகப் பொறுக்கிறது. கொல்லுப்பட்டறையில் பாடினது, சிறையும் தாயின் சாவும்தான் பெரும்பாலும் சொல்லுப்படும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். நான் அதைக் கேட்டது மாங்குளம் சந்தியில், பஸ் நிற்கும்போது. கச்சான்கடலை விற்கிறவர் யன்னலடியில் கையை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் தெரியவில்லை. என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த மனுசனை எனக்குத் தெரியும். அவன் பாஷை தெரியாது, அவன் செத்து எத்தனை காலமோ தெரியாது. ஆனால் இடி விழுவதற்கும் பாட்டு எழும்புவதற்கும் இடையில் இருக்கிற அந்தப் பொறுமையை நான் எத்தனையோ முற்றங்களில் நின்று செய்தவன்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். கச்சான்காரரிடம் "வேண்டாம் தம்பி, எனக்கு உப்பு விலக்கு," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மல்லாவிச் சந்தையில் ஒரு சின்னப் பாட்டுப்பெட்டி வாங்கிக்கொண்டார், பால்மாத் தகரப்பேணி அளவில். அதனால்தான் அந்த அவமானம் நடந்தது. ஒரு பின்னேரம் அவர் வீட்டு முற்றத்தில் இரண்டு பேரும் இருந்தோம். என் மனைவி தமையனுக்கு உப்பில்லாத கஞ்சி வைத்துக்கொண்டு குசினிக்குள் நின்றா. மச்சான் பெட்டியை முழுச் சத்தத்தில் விட்டார். ஒரு பெண் பாடினா. வயது போன குரல், அடிவயிற்றிலிருந்து எடுத்த அழுகை.

படலை தள்ளுப்பட்டது. அடுத்த வளவுப் பெண் தலைமயிர் அவிழ்ந்தபடி, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தா. "என்ர ஐயோ! அண்ணை போட்டியளோ! ஒரு சொல்லும் சொல்லாமல் போட்டியளோ!" அவவுக்குப் பின்னால் சங்கத்துக்காரர், பந்தல் போடுகிற தரப்பாளைத் தோளில் போட்டு, தடி இரண்டைக் கையில் பிடித்தபடி. எங்கள் ஊரில் அழுகைச் சத்தம் கேட்டால் யாரும் ஏனென்று விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை, தரப்பாளோடுதான் வருவார்கள். வருத்தக்காரர் இருக்கிற வீடென்றால் சொல்லவே தேவையில்லை.

மச்சான் கதிரையில் இருந்தபடி பெட்டியை நிறுத்தினார்.

"பிள்ளை, கொஞ்சம் பொறு. இன்னும் ஆகேல்லை. ஆனவுடன ஆள் அனுப்புறன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாகக் கிடக்கிற மனுசன் கேக்கிற பாட்டே இது? சனத்தைப் பேக்காட்டுறியள்!"

"நல்லாத்தான் அழுதனி. திருப்பித் தர மாட்டன்."

"சீ, நாக்கைப் பாருங்கோ!" என்று அவ மயிரை முடிந்துகொண்டா. சங்கத்துக்காரர் தரப்பாளை இறக்கி மூச்சு வாங்கினார். "அண்ணை, இதை இஞ்ச ஒரு மூலையில வைச்சிட்டுப் போகட்டோ? ரெண்டு தரம் காவ ஏலாது."

எல்லாரும் சிரித்தோம். சங்கத்துக்காரர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு அவர்கள் போன பிறகு முற்றம் வெறிச்சோடிப் போயிற்று.

"அவள் அழுதது எனக்குப் பிடிச்சிருந்தது," என்றார் மச்சான். "என்ர மனிசிக்கு ஆரும் அழேல்லை."

சண்டையின் கடைசி மாதங்களில் செல் விழுந்து அவர் மனைவி செத்தா. அப்போது நாங்கள் வேறு பக்கமாகச் சிதறிப் போயிருந்தோம். அதுபற்றி அவர் என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. அன்று கதைத்தார், கஞ்சிக் கோப்பையைப் பார்த்தபடி.

"தரப்பாளால சுத்தி, கையால மண்ணைக் கிண்டித் தாட்டனாங்கள். ஆழமும் இல்லை. பிள்ளை அழ வெளிக்கிட, நான்தான் வாயைப் பொத்தினனான். ஓடோணும். உரல் இல்லை, சுண்ணம் இல்லை, ஒரு பாட்டு இல்லை. அவளை நான் அனுப்பவே இல்லையடா. விட்டிட்டு வந்தனான்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு நீ பாடு. சங்கத்துப் பெட்டி வேண்டாம். பெட்டிக்குள்ள இருக்கிறவருக்கு என்னை ஆரெண்டு தெரியுமே? உன்ர இந்தக் குரலே காணும். உந்த இரும்படிக்கிறவன் பாடேல்லையே?"

"மச்சான், டொக்டர்..."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறன்."

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டா. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது வாய்க்கால் கட்டில் வைத்துச் சொன்னா: "இஞ்சேருங்கோ, எனக்கு என்ர அண்ணையும் வேணும், உங்கட குரலும் வேணும். ஆரைக் கேட்டாலும் கேளுங்கோ, என்னைக் கேக்காதேங்கோ."

ஆகவே பிள்ளையாரைக் கேட்டேன். நந்தியாவட்டை ஒன்று, செவ்வரத்தை ஒன்று, தனித்தனியே வாழையிலைத் துண்டில் மடித்துச் சந்நிதியில் போட்டேன். வெள்ளை வந்தால் பாடுவது, சிவப்பு வந்தால் விடுவது. ஐயரின் சின்ன மகள் ஒன்றை எடுத்துத் தந்தாள். பிரித்தேன். சிவப்பு.

என் மனம் லேசானது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. குரல் எனக்கே மிஞ்சியது என்று ஒரு சந்தோஷம், கோயில் வாசலிலேயே.

அடுத்த பஸ் பயணத்தில் மச்சானிடம் சொன்னேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பிள்ளையாருக்குத் தன்ர பங்கு குறையுமெண்டு பயம்," என்றார். கொஞ்ச தூரம் போனபின், "சரி, விடு. அவரோட நான் நேரில போய்க் கதைச்சுக்கொள்ளுறன்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மறுத்து மறுத்து எனக்கும் பழகியிருக்கும்.

நான் அந்தப் பதிவுகளை வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். எங்கே மூச்செடுக்கிறார்கள், குரல் இல்லாத இடத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்று. அவர்கள் எடுத்தவுடன் பாட்டுக்குள் போவதில்லை. அடியில், சொல்லில்லாமல், இருட்டில் கை தடவுகிற மாதிரிக் குரலைத் தேடுகிறார்கள். எது அகப்படுகிறதோ அதோடு எழும்புகிறார்கள். உடைகிற இடத்தை மூடி மறைப்பதில்லை. வாயைத் திறக்காமல், தொண்டையை அசைக்காமல் இதையெல்லாம் கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மாரி வந்தது. குளம் நிரம்பி வான்கட்டுக்கு மேலால் வழிந்து, வாய்க்கால் உடைத்து, பாதை மேலால் தண்ணீர் போனது. பஸ் இல்லை. மச்சான் இயந்திரத்துக்குப் போகவேண்டிய நாள் தப்பியது. அடுத்த நாளும் தப்பியது. கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது, பிறகு படுக்க முடியாமல் எழுந்திருந்து மூச்சுக்கு அடித்துக்கொண்டார். உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை போட்டு, மேலே தரப்பாள் பிடித்து மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எங்கும் வெள்ளம். அவருக்கு உள்ளேயும் வெள்ளம், ஆனால் நாக்கு வறண்டு கிடந்தது. "தண்ணி," என்றார். தரப்பாள் கரையில் கையை நீட்டி, மழையை ஏந்தி அவர் வாயை நனைத்தேன். என் விரலை உறிஞ்சினார், பால் குடிக்கிற பிள்ளை மாதிரி. மல்லாவிச் சந்திக்கு முன்னமே முடிந்துவிட்டது.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் காரியம். முற்றம் சேறு. பலகை அடுக்கி அதன்மேல் உரலை வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மச்சானின் தம்பி வந்திருந்தார். உலக்கை அவர் கையில். மருமகளுக்குப் பிரான்சில் இன்னும் வதிவிடப் பத்திரம் சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஒரு கதிரையில் கைத்தொலைபேசியை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதற்குள் அவள் முகம், நெருப்புப்பெட்டி அளவில். இந்த முறை வாயைப் பொத்த யாரும் இல்லை, அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சங்கத்துக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கவேண்டும். மெல்லக் கேட்டார்:

"அண்ணை, போடட்டோ?"

என் மனைவி தமையனின் தலைமாட்டில் இருந்தபடி என்னைப் பார்த்தா. கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"வேண்டாம்," என்றேன்.

பிள்ளையாரே, நீர் வேண்டாமென்றது எனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொன்னேன். அதைவிடப் பெரிய பிரார்த்தனை எனக்கு வரவில்லை. உலக்கை விழுந்தது. அடியில் கைதடவித் தேடினேன். ஏதோ அகப்பட்டது.

முதல் பாட்டு முடியமுன் பின்னால் ஒருவர் சொன்னது கேட்டது: "ஐயோ பாவம், இந்த மனுசனை ஏன் பாட விட்டனியள்?" இரண்டாவதில் குரல் கிழிந்தது. நான் நிற்க, மச்சானின் தம்பி உலக்கையை உயர்த்தியபடியே பொறுத்தார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் எடுத்தேன், அவர் போட்டார். எந்தப் பாட்டில் என்று தெரியாது, வாயில் இரத்தம் கரித்தது. கிரியை செய்த குருக்கள் போதும் என்று கையால் காட்டினார். நான் அவரைப் பார்க்காமல் உரலைப் பார்த்துக்கொண்டேன். நன்றாகப் பாடினேன் என்று சொல்லமாட்டேன். அந்த இசைத்தட்டுக்காரரைப் போல என்றும் சொல்லமாட்டேன். அழகென்று ஒன்றும் அதில் இருக்கவில்லை. கடைசி அடிகளில் உதடுதான் அசைந்தது. சுண்ணம் இடிபட்டு முடிந்தது. தலையில் வைத்தார்கள். தூக்கினார்கள்.

குரல் திரும்பவில்லை. டொக்டர் பிள்ளை தொண்டைக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். செத்தவீட்டுத் துடக்குக் கழிந்து கோயிலுக்குப் போனபோது ஐயர் வழக்கம்போலத் தீபத்தைக் காட்டி, என் அடிக்காகக் கொஞ்சம் தாமதித்தார். நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். பிள்ளையார் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. இப்போது பூப்போட்டுக் கேட்பதில்லை.

சில கிழமைகள் கழித்து ஒரு பின்னேரம் மருமகள் எடுத்தாள்.

"மாமா, நீங்கள் கதைக்கவேண்டாம், நான் கதைக்கிறன். ஒண்டு சொல்லோணும். எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இவ்வளவு நாளும் இருந்தனான்." மூக்கை உறிஞ்சினாள். "அண்டைக்கு நீங்கள் பாடினது எனக்குக் கேக்கேல்லை. உலக்கைச் சத்தம் கேட்டுது. காகம் கத்தினது கேட்டுது. உங்கட வாய் அசையிறது தெரிஞ்சது. குரல் மட்டும் வரேல்லை. மெல்லிய சத்தத்தை உந்தப் போன் எடுக்காதாம். இவர் சொன்னவர்."

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றா.

"மாமி, ஆராவது ரெக்கோட் பண்ணினவையோ?"

"இல்லையணை," என்றா மனைவி. "செத்தவீட்டில ஆர் அதுக்கு நிண்டது?"

அங்கே யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகள் தூரத்தில் விளையாடுவது கேட்டது.

"மாமாவால ஒரு அடி ஏலுமோ? ஒரே ஒரு அடி. கிட்ட வைச்சு."

மனைவி போனை மேசையில், என் வாய்க்கு நேரே சாய்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. உள்ளே பாத்திரச் சத்தமும் கேட்கவில்லை.

நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். அடியில் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. காற்றுத்தான் வந்தது, உலைவாயில் ஊதுகிற மாதிரி.

அவள் போனை வைக்கவில்லை. மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்குது மாமா," என்றாள். "பாடுங்கோ."

பொய் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் அடிக்கு மூச்செடுத்தேன்.